சிவப்புப் பூவுக்குக் கமெண்ட் கேட்ட கதை

எனக்குப் பணி நிறைவு விழா நடந்தபோது வயது முப்பத்து மூன்று. சால்வை போர்த்தினார்கள். சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கணக்குப் பிரிவுக்காரர், எப்போதோ ஒரு ஃபோர்மேன் ஓய்வு பெற்றபோது தயாரித்த வாழ்த்துரையில் பெயரை மட்டும் மாற்றி வாசித்ததால், “இனி பேரன் பேத்திகளோடு அமைதியாகக் காலம் கழிக்க” என்னை வாழ்த்தினார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அதைச் சொல்லி விழாவைக் கெடுக்க வேண்டாமென்று கடிகாரத்தை வாங்கிக்கொண்டேன்.

உண்மையில் ஓய்வு பெற்றது நானல்ல, என் பதவி. பனியன் கம்பெனி முதலாளிகள் சிலர் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை ஒன்றில் எனக்கு வேலை. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், மேலே படிக்க அனுப்பும்படி பெற்றோரிடம் பேச வேண்டும். இந்த வருடம் முதல் யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம், வீடியோ காலில் பேசினால் போதும் என்று முடிவாகிவிட்டது. நான் பழையபடி துணி பரிசோதிக்கும் வேலைக்குத் திரும்புகிறேன். வீடியோவில் பேசப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள், “அக்கா, வீட்டுக்குப் போறதுல அப்படி என்னதான் இருக்கு? எழுதிக் குடுங்க” என்றார்கள். எழுதுகிறேன்.

முன்கதை சுருக்கமாக. எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, திருப்பூர் காதர்பேட்டையில் சிறிய பனியன் கடை. நான் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்தேன். நல்லூரில் ஒரு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் கொஞ்ச காலம் தையலையும் சாயத்தையும் குறை சொல்லிச் சம்பளம் வாங்கினேன். பிறகு அறக்கட்டளைக்கு ஆள் தேவை என்றார்கள், போனேன்.

முதல் நாளே ஒரு சிக்கல் புரிந்தது. கிராமங்களுக்குப் போக எனக்குத் தனி வண்டி கிடையாது. காலையில் ஆட்களை ஏற்றிவந்து கம்பெனியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கம்பெனி வேனில்தான் போக வேண்டும். பிள்ளைகளைக் கம்பெனிக்கு அள்ளிக்கொண்டு போகும் அதே வேனில் போய் இறங்கி, பிள்ளைகளைக் கம்பெனிக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்ல வேண்டும். முதல் ஊரில் நான் இறங்கியதும் நாலைந்து அம்மாக்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

“எந்தக் கம்பெனிங்க அம்மிணி?”

“கம்பெனி இல்லீங்க. படிப்பு விஷயமா வந்திருக்கேன்.”

“படிப்பா? செரி, ஷிப்டுக்கு என்ன தருவீங்க?”

“ஒண்ணும் தர மாட்டாங்க. நாமதான் கட்டணும்.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நல்ல கம்பெனிதான் போ” என்று ஒரு அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

என் மேலதிகாரி ஸ்டெல்லா மேடம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர். பல வருடம் ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக இருந்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களின் கோபத்தையெல்லாம் ஈமெயிலில் வாங்கி டீயோடு சேர்த்து விழுங்கியவர். டீயை எப்போதும் பாதிதான் குடிப்பார். மீதியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போவார். திரும்பி வந்து ஆறிப்போனதைப் பார்த்து, “இந்த ஆபீஸ்ல ஒரு சூடான டீ கிடைக்காது” என்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. உலகத்தில் உள்ள எல்லா விஷயமும் அவருக்கு ஏற்றுமதி ஆர்டர்தான். கிராமத்து அப்பா பையர். பிள்ளையின் படிப்பு சாம்பிள். கல்லூரியில் சேரும் கடைசித் தேதி ஷிப்மென்ட் டேட். அது தள்ளிப்போகாது.

வீடுகளுக்குப் போவதற்கு அவர் எனக்கு விதிகள் வைத்திருந்தார். பட்டியல் போடுவது என் பழக்கம் என்பதால் அப்படியே எழுதி வைத்தேன்.

ஒன்று: வேனை வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாது. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தெரு முடிவு கட்டிவிடும்.

இரண்டு: குடிக்கக் கொடுப்பதை மறுக்கக் கூடாது. ஆறு வீடு போனால் ஆறு காபி. ஒரு காபியை மறுத்தால் அந்த வீட்டை மறந்துவிடலாம்.

மூன்று: மழையைப் பற்றிப் பேசி முடியும் வரை படிப்பை எடுக்கக் கூடாது. மழை பெய்திருந்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி.

நான்கு: முடியாது என்று சொன்னால் சண்டை போடக் கூடாது. ஏன் முடியாது என்று கேட்டு வர வேண்டும்.

இந்த நான்காவதைத்தான் அவர் அடிக்கடி விளக்குவார். “பையர் சாம்பிள ரிஜெக்ட் பண்ணிட்டாம்னா நாம அழுவமா? சண்டைக்குப் போவமா? கமெண்ட் கேப்போம். கழுத்து அகலமா, கலர் சரியில்லையா, என்னன்னு சொல்லுவான். அத மட்டும் சரி பண்ணி மறுபடியும் அனுப்புவோம். ரிஜெக்ட்னு மட்டும் கேட்டுட்டு வந்தா நீ தபால்காரி. கமெண்ட்டோட வா பிள்ள.”

ஐந்தாவது விதி: சேரும் நாளில் கூடவே போக வேண்டும். “பேக்கிங் முடிஞ்சா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காத. சரக்கு கப்பல்ல ஏறுனதைப் பாத்துட்டுதான் வீட்டுக்குப் போணும்.”

இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு நிறைய வீடுகள் ஏறி இறங்கினேன். பெற்றோர் சொன்ன காரணங்களையும் வகைப்படுத்தி வைத்திருந்தேன். தூரம், ஹாஸ்டல், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், படித்த பெண்ணுக்கு அதைவிடப் படித்த மாப்பிள்ளையை எங்கே தேடுவது. எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த நான்கில் ஒன்று வரும், எனக்கும் பதில் தயாராக இருக்கும் என்ற நம்பிக்கையில் இருந்தேன். அப்போதுதான் குழந்தைசாமி அண்ணன் வீடு வந்தது.

வெள்ளகோவிலைத் தாண்டி ஒரு கிராமம். அவருக்குக் கொஞ்சம் வானம் பார்த்த பூமி, கொஞ்சம் முருங்கை, ஆடுகள். மனைவி சரசு அக்கா தினமும் கம்பெனி வேனில் திருப்பூர் வந்து செக்கிங்கில் வேலை பார்ப்பவர். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. பேசும்போதும் அவர் கண் என் சுடிதார்க் கையின் தையல் மேலேயே இருக்கும். மகள் கீர்த்தனா. நல்ல மதிப்பெண். கோவையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். திங்கட்கிழமை முதல் அம்மாவோடு அதே வேனில் அவளுக்கும் ஒரு சீட் பிடித்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவது விதிப்படி மழையில் ஆரம்பித்தேன். அன்று அது பெரிய தவறாகப் போனது. குழந்தைசாமி அண்ணன் மழையிலிருந்து தண்ணீருக்குப் போனார், தண்ணீரிலிருந்து போர்வெல்லுக்குப் போனார். அங்கிருந்து திரும்பவே இல்லை. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் வந்ததையும், உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் தானாக எழுந்து நின்றதையும் சொன்னார். என்னை வெயிலில் காட்டுக்குள் கூட்டிப்போய் கல் நட்டு வைத்த இடத்தைக் காட்டினார்.

“இங்கதானுங்க அம்மிணி. தேங்கா விருட்டுனு எந்திரிச்சு நின்னுபோச்சு. போரு வண்டிக்காரங்கிட்டச் சொல்லியாச்சு. ஆனா மனசு ஒரு நெலையில நிக்க மாட்டேங்குது. தண்ணி வருமா, வெறும் பொகை வருமா?”

“வரும்ங்கண்ணா. கீர்த்தனா படிப்பைப் பத்தி...”

“ஆமாமா, அதும் இருக்குது.”

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது கீர்த்தனாவே, நான் வருவதற்காக அன்று லீவு போட்டிருந்த அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். “நீங்க ஒரு லாட்டுல கொஞ்சம் பீஸ் மட்டும் எடுத்துப் பாத்துட்டு மொத்த லாட்டையும் பாஸ் பண்றீங்கல்லம்மா, அது ஏன் சரியா வருதுன்னு கண்டுபுடிக்கற படிப்புங்க.”

“அட, அதுக்கொரு படிப்பு இருக்குதா? நாங்க சும்மாவேதான பண்ணிட்டு இருக்கறோம்” என்றார் சரசு அக்கா. ஆனால் அவருக்குப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

குழந்தைசாமி அண்ணன் என் பட்டியலில் இருந்த நான்கு காரணங்களில் எதையும் சொல்லவில்லை. “அமாவாசைக்குப் பூக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க” என்றார்.

எனக்கு இந்த வழக்கம் அதுவரை தெரியாது. இந்தப் பக்கத்தில் கல்யாணம், கிணறு, வீடு என்று பெரிய காரியம் எதுவானாலும் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துப் பூசாரி சாமி முன்னால் போடுவார். கேட்க வந்தவர் காரியத்தை மனதுக்குள்ளேயே சாமியிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் இல்லை. அவர்கள் கோயிலில் அமாவாசையன்று மட்டும்தான் கேட்கலாம். அமாவாசை புதன்கிழமை. கடைசித் தேதி வெள்ளி.

புதன்கிழமை நானும் போனேன். “வெளிய எதுக்கு அம்மிணி நிக்கறீங்க, உள்ள வாங்க. சாமிக்கு எல்லாரும் ஒண்ணுதான்” என்று குழந்தைசாமி அண்ணன் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்தின் ஓரமாக நின்றேன். கீர்த்தனா என் பக்கத்தில் வந்து நின்றாள். பதற்றமே இல்லாத பெண்.

“பாதிக்குப் பாதிங்க அக்கா” என்றாள் மெதுவாக. “எங்க பாடத்துல முதல் கணக்கே இதுதான்.”

“பயமா இல்லையா?”

“இருக்குதுங்க. கணக்கு தெரிஞ்சா பயம் போயிரும்னு யாருங்க சொன்னது?”

குழந்தைசாமி அண்ணன் கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். உதடு அசைந்தது. நெற்றி சுருங்கியது. ஒரு பெண்ணின் படிப்பைப் பற்றி இவ்வளவு உருக்கமாக ஓர் அப்பா வேண்டி நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

சரசு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கீர்த்தனா, “பாதிதானுங்க அக்கா” என்றாள். இந்த முறை என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

அலுவலகம் வந்து ஸ்டெல்லா மேடத்திடம் சொன்னேன். “ரிஜெக்ட் ஆயிருச்சு மேடம்.”

“கமெண்ட் என்ன?”

“கமெண்ட்டா? சாமி ரிஜெக்ட் பண்ணியிருக்கு மேடம். சாமிகிட்ட எப்படிக் கமெண்ட் கேக்கறது?”

பாதி டீயைக் கீழே வைத்தார். “நான் சர்ச்சுக்குப் போறவ, நீ பள்ளிவாசல் தெருக்காரி. அவிய சாமிய நாம ஒரு வார்த்தை கேக்கப்படாது. ஆனா கேட்ட மனுசன்ட்ட கேக்கலாம்லா? என்ன கேட்டாரு? ஹாஸ்டலுக்கு அனுப்பலாமான்னு கேட்டாரா, படிக்க வைக்கலாமான்னு கேட்டாரா, கோயம்புத்தூருக்கா, வேற ஊருக்கா? ஹாஸ்டல்தான் வேண்டாம்னா பஸ்ஸுல போயி வாற காலேஜ் பாப்போம். எத ரிஜெக்ட் பண்ணிருக்காவன்னு தெரியாம நீ எத சரி பண்ணுவ?”

அன்று அது எனக்கு ரொம்பவும் அறிவுபூர்வமாகப் பட்டது. மறுநாள் காலை முதல் வேனில் போனேன். சரசு அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. கீர்த்தனாவின் பை, ஹாஸ்டலுக்கு என்று கட்டி வைத்தபடியே சுவரோரம் இருந்தது. குழந்தைசாமி அண்ணன் ஆட்டுக்கு முருங்கைத் தழை போட்டுக்கொண்டிருந்தார். காபி வந்தது, குடித்தேன். மழையைத் தவிர்த்துவிட்டு நேராகக் கேட்டேன்.

“அண்ணா, கோயில்ல நீங்க என்னன்னு கேட்டீங்க?”

அவர் முகம் மாறியது. “அது வெளிய சொல்லப்படாதுங்க அம்மிணி.”

“முழுசாச் சொல்ல வேண்டாங்க. ஹாஸ்டலைப் பத்தியா, காலேஜைப் பத்தியான்னு மட்டும்.”

“சொல்லப்படாதுன்னா சொல்லப்படாதுங்க. சாமி காரியம்.” தழையைப் போட்டுவிட்டு ஆட்டின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார். நான் அந்தப் பக்கம் போனேன். அவர் இந்தப் பக்கம் வந்தார். நடுவில் ஆடு எங்கள் இருவரையும் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது.

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. எடுத்தார். காதில் வைத்துப் பேசினாலும் ஸ்பீக்கரில் பேசுவது போலத்தான் பேசுவார்.

“ஆமாங்க... இல்லீங்க, வண்டி அனுப்ப வேண்டாமுங்க... இல்லீங்க, தேங்காயெல்லாம் நல்லாத்தான் நின்னுச்சு... சாமி உத்தரவு இல்லீங்க. நேத்துப் பூக் கேட்டனுங்க, செவப்பு வந்துருச்சு. ஆமா, போரு வேண்டாம். வெச்சறனுங்க.”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். வாசலில் சரசு அக்கா நின்றுகொண்டிருந்தார்.

“ஏனுங்க” என்றார் சரசு அக்கா. செக்கிங் டேபிளில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்த குரல். “நேத்துப் புள்ள படிப்புக்குத்தான பூக் கேட்டோம்?”

“ஆமா.”

“செவப்பு வந்தது புள்ள படிப்புக்குத்தான?”

அவர் ஆட்டைப் பார்த்தார்.

“அப்பறம் போரு வண்டிய எதுக்குங்க நிறுத்தறீங்க?”

நான் காபி டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான்காவது விதியில் இந்த இடத்தில் என்ன செய்வது என்று இல்லை.

“அது வந்து சரசு... சாமி முன்னால நின்னதும் புள்ளயத்தான் நெனைச்சேன். பூசாரி மணிய ஆட்டுனாரு. கண்ண மூடுனேன். மூடுனதும் அந்தத் தேங்கா வந்து நிக்குது. என்ன பண்ணச் சொல்ற?”

“தேங்கா வந்து நின்னுச்சா!”

“புள்ளைக்கும் கேக்கோணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அந்தக் குட்டி எடுத்துக் குடுத்துருச்சு.”

“அப்ப என்னத்துக்குங்க வந்து அப்படி மூஞ்சிய வெச்சுட்டுப் படுத்திருந்தீங்க? நாங்க ரெண்டு பேரும் ராத்திரி சோறு திங்கல!”

“போரு போச்சேன்னு எனக்கு வருத்தம் இருக்காதா? நீங்க எதுக்குத் திங்கலீன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன், ஏனென்றால் கீர்த்தனா வெளியே வந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அதுவரை கலங்காத பெண்ணுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

“அப்பா, நீங்க எனக்காகக் கேக்கவே இல்லீங்களா?”

சிவப்புப் பூவைப் பார்த்தபோதுகூட அவள் முகம் இப்படி ஆகவில்லை. குழந்தைசாமி அண்ணனுக்கு அது புரிந்தது. கையிலிருந்த தழையைக் கீழே போட்டார்.

“கண்ணு, போரு விசயத்துல எனக்குச் சந்தேகம். தண்ணி வருமோ வராதோன்னு. அதனால அது முந்திக்கிட்டு வந்துபோச்சு. உன்ற படிப்புல எனக்கு என்ன சந்தேகம்? சின்னதுலிருந்து பாத்துட்டுதான இருக்கறேன். சந்தேகம் இருக்கறதத்தான சாமிகிட்டக் கேக்கத் தோணும்.”

அவர் அந்த நேரத்தில் தப்பிப்பதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். ஆனால் சரசு அக்கா அந்த வார்த்தையைக் கீழே விழ விடவில்லை.

“சந்தேகம் இல்லீங்களா?”

“இல்ல.”

“நெசமாலுமே இல்லீங்களா?”

“இல்லீங்கறேன்ல.”

“இல்லாத சந்தேகத்துக்கு எதுக்குங்க அடுத்த அமாவாச வரைக்கும் உக்காந்திருக்கோணும்? கீர்த்தனா, பைய எடு. அம்மிணி, அந்த வேன் போயிருச்சா, நிக்குதா பாருங்க.”

குழந்தைசாமி அண்ணன் தான் சொன்ன வார்த்தைக்குள் தானே நன்றாக மாட்டிக்கொண்டார். பிறகு, “நானும் வர்றேன். சட்டைய மாத்திட்டு வந்தறேன்” என்றார்.

நான் ஸ்டெல்லா மேடத்துக்குப் போன் செய்தேன். “கமெண்ட் வாங்கிட்டேன் மேடம். அந்த சிவப்பு நம்ம சாம்பிளுக்கு இல்ல. வேற ஸ்டைலுக்கு.”

மறுமுனையில் டீ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “ஸ்டிக்கர மாத்தி ஒட்டிட்டாவளா?” என்றார். “சரி, ஷிப்மென்ட் ஏத்திட்டுப் பேசு.”

இங்கே நிறுத்தி, புதிய பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீடியோ காலில் பேசுவதில் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். குழந்தைசாமி அண்ணனும் அழகாகப் பதில் சொல்லியிருப்பார்: “பூக் கேட்டோமுங்க, செவப்பு வந்துருச்சுங்க.” நாமும் நன்றி சொல்லிப் போனை வைத்திருப்போம். அதற்குப் பிறகு வந்த இன்னொரு போன் நமக்குக் கேட்டிருக்காது. ஆகவே போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த வீட்டிலேயே இருக்க ஏதாவது வழி கண்டுபிடியுங்கள். எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது விதிப்படி அன்று கோவைக்கு நானும் போனேன். மதியத்துக்குள் கல்லூரியில் சேர்த்தாயிற்று. சாயங்காலம் ஹாஸ்டல் வாசலில் நின்றோம். சரசு அக்கா மகளின் பையைப் பிரித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அவள் துப்பட்டாவில் தொங்கிய ஒரு நூலைப் பல்லால் கடித்து எடுத்தார். அழுதுகொண்டேதான் எடுத்தார். குழந்தைசாமி அண்ணனைக் காணவில்லை. தேடினேன். ஹாஸ்டலின் பின்பக்கம், மோட்டார் அறை அருகே வாட்ச்மேனோடு நின்றுகொண்டிருந்தார்.

“எத்தன அடி போட்டிருக்கறீங்க? ...ஓ. கோடையில நிக்குமா? ...உப்பா, நல்ல தண்ணியா?”

வாட்ச்மேன் குழாயைத் திறந்துவிட்டார். குழந்தைசாமி அண்ணன் இரண்டு கையிலும் பிடித்துக் குடித்தார். அந்தத் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவிக்கொண்டார். தேவையானதைவிட அதிக நேரம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

கீர்த்தனா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

“நல்ல தண்ணி இருக்குது சரசு. புள்ள இருந்துக்கும். வா, போலாம்.”